கன்ட்ரி இசையின் எல்லைப் பூசல்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 'கன்ட்ரி' என்னும் பெயரால் வழங்கும் இசைவகையைத் தமிழிற் குறித்தற்கு ஏற்ற சொல் யாது என்பது முதற்கண் எழும் வினா. நாட்டுப்புற இசை என்று கூறிவிடலாம் போலத் தோன்றும். ஆயின் நாட்டுப்புறப் பாடல் என்று நாம் வழங்குவது ஆக்கியோன் பெயர் அறியப்படாதது. வாய்மொழியாய் வழிவழி வருவது. விலைக்கு விற்றற்கென்று கட்டப்படாதது. கன்ட்ரி இசையோ இம்மூன்றினும் வேறுபட்டது. அதற்கு ஆக்கியோன் உண்டு. அவனுக்குப் பதிப்புரிமை உண்டு. இசைத்தட்டையும் வானொலியையும் வாயிலாகக் கொண்டு வளர்ந்த வாணிகம் உண்டு. டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரம் அவ்வாணிகத்துக்குத் தலைமையிடம். நாட்டுப்புறத்தின் பெயரைத் தாங்கி நகரத்தில் விலைபோகும் இசை என்று அதனைக் கூறினும் பிழையாகாது. ஆதலின் அப்பெயரை மொழிபெயர்க்காது ஒலிபெயர்த்தே ஈண்டு ஆளுகின்றோம்.

பெயர் பற்றிய இத்தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதன்று. அந்நாட்டாரே கடந்த நூறாண்டுகளில் அவ்விசைக்குப் பலமுறை பெயர் மாற்றியுள்ளனர். 'இப்பாட்டு கன்ட்ரிதானா?' என்னும் வழக்கு அங்கே ஓய்ந்தபாடில்லை. இசையிலக்கணம் பற்றிய வழக்குப் போல அது தோன்றினும், உற்று நோக்குவார்க்கு அதன் அடியில் வேறொரு வழக்கு நடைபெறுதல் புலனாகும். பாட்டின் ஓசை வேறுபட்ட இடங்களில் எல்லாம் இவ்வினா எழவில்லை. பாடுவோரின் நிறமோ பாட்டின் அரசியற் கருத்தோ கேட்போர் எதிர்பார்ப்புக்கு மாறானவிடத்தே மிகுதியாக எழுந்தது என்பதே எம் கருத்து. இக்கருத்துக்கு மாறான சான்றுகளும் உள. அவற்றையும் மறையாது கூறுவோம்.

பட்டியல் முன்னும் பாட்டுப் பின்னும்

இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் இயம்பல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை. அமெரிக்க இசைத்தட்டு வாணிகத்தில் இம்முறை தலைகீழாயிற்று. 1920 ஆகஸ்டு மாதம் ஓக்கே நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பெண்மணி பாடிய ப்ளூஸ் பாட்டு எதிர்பாராத அளவில் விற்றது. கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவர் என்று அறிந்த வணிகர், அவர்க்கெனத் தனிப் பட்டியல் ஒன்று வகுத்து, அதற்கு 'இனத் தட்டுகள்' என்று பெயரிட்டனர். 1923 ஜூன் மாதம் அதே நிறுவனத்தைச் சார்ந்த ரால்ப் பியர், ஜார்ஜியா மாநிலத்து அட்லாண்டா நகரில் பிடில் ஜான் கார்சன் என்பவரின் பாட்டைப் பதிவு செய்தார். அவர் குரல் பியருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. எனினும் அட்லாண்டா வணிகர் ஒருவர் வற்புறுத்த, சில நூறு படிகள் அச்சிடப்பட்டன. அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. தென்மாநில வெள்ளை உழவரும் ஆலைத்தொழிலாளரும் ஒரு சந்தையாவர் என்பது அன்று தெரிந்தது. அச்சந்தைக்கும் ஒரு பட்டியல் வேண்டுமன்றோ? 1925இல் நால்வர் கொண்ட குழு ஒன்றற்குப் பியர் இட்ட 'ஹில்பில்லி' என்னும் பெயரே நாளடைவில் அப்பட்டியலுக்கும் பெயராயிற்று. மலைக்காட்டுப் பட்டிக்காட்டான் என்பது அச்சொல்லின் பொருள். அன்புடன் கூறினும் இகழ்ச்சி கலவாமற் போகாது.

கார்சன் பாடிய அப்பாட்டின் வரலாறு சற்று நின்று நோக்கத்தக்கது. அதனை 1871இல் இயற்றியவர் கென்டக்கியைச் சேர்ந்த வில் ஹேஸ் என்னும் வெள்ளையர். முகத்திற் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தாரைப் போல நடித்த வெள்ளையரின் கேலிக்கூத்து மேடைக்கென எழுதப்பட்டது அது. பாட்டிற் பேசுபவன், அடிமைத்தளையினின்று விடுபட்ட முதிய கறுப்பன். ஆகவே, வெள்ளையர்க்குரியதென வகுக்கப்பட்ட பட்டியலின் முதற்பெருவெற்றி, வெள்ளைப் பாவலர் ஒருவர் கறுப்பின முதியவன் கூற்றாக எழுதியதை வெள்ளைப் பாடகர் ஒருவர் பாடிய பாட்டாகும். நிறத்தால் வரையப்பட்ட கோடு முதல் தட்டிலேயே அழிந்து கிடத்தலை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது.

அரசியலும் அவ்வாறே தொடக்கத்திலிருந்தே உடன் வந்தது. பின்னாளில் வந்து புகுந்ததாக எண்ணுவோர் கார்சனை நினைத்தல் வேண்டும். லியோ பிராங்க் என்னும் யூத ஆலை மேலாளர், ஆலைச் சிறுமி ஒருத்தியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பெற்று, பின் 1915இல் கும்பல் ஒன்றால் கொல்லப்பட்டார். அந்நாளில் அச்சிறுமி பற்றிப் பாட்டுக் கட்டி மக்கட் கூட்டங்களிற் பாடியவர் கார்சன். பின்னர் ஜார்ஜியா ஆளுநராகிய டால்மட்ஜின் தேர்தல் மேடைகளிலும் பாடினார். மாநிலத் தலைமை மாளிகையில் மின்தூக்கி இயக்கும் வேலையும் அக்குடும்பத்தின் தயவால் அவர்க்குக் கிடைத்தது.

இனி, பட்டியல்கள் பாடுவோரை எவ்வாறு பிரித்தன என்று காண்போம். பேஞ்சோ என்னும் நரம்புக்கருவி ஆப்பிரிக்காவிலிருந்து கடத்திக் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல். பிடிலும் பேஞ்சோவும் சேர்ந்த இசைக்குழுக்கள் தெற்கே இருநிறத்தாரிடையும் இருந்தன. ஆயினும் பதிவுக்கூடத்துக்கு வந்த கறுப்பினக் கலைஞரிடம் ப்ளூஸ் கேட்கப்பட்டது. வெள்ளையரிடம் பழம் பிடில் மெட்டுகள் கேட்கப்பட்டன. ஊரில் அவரவர் பாடிவந்தது எதுவாயினும், பட்டியலுக்குப் பொருந்துவதே தட்டில் ஏறியது. பிற்காலத்து ஆராய்ச்சியாளர் அத்தட்டுகளைக் கேட்டு, கறுப்பினத்தார் இசை ஒருவகை, வெள்ளையர் இசை வேறொருவகை என்று முடிவு கட்டினாராயின், அவர் கண்டது மக்களின் இசையை அன்று, வணிகரின் பேரேட்டையே.

பேரேட்டுக்கு வெளியே கலப்பு இடையறாது நிகழ்ந்தது. 1927ஆம் ஆண்டுக் கோடையில் பிரிஸ்டல் என்னும் எல்லையூரில் பியர் நடத்திய பதிவுகளில் கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்ஸும் அறிமுகமாயினர். கன்ட்ரி இசையின் பிறப்பு அதுவே என்று கொள்வாரும் உளர். ஏ. பி. கார்ட்டர் ஊர்ஊராய்ச் சென்று பாட்டுத் தேடியபோது அவருடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கிதார் கலைஞர். கார்ட்டர் சொற்களைக் குறித்துக்கொள்ள, ரிடில் மெட்டை நினைவிற் கொண்டு வந்து குடும்பத்தார்க்குக் கற்பித்தார். தட்டுகளில் அவர் பெயர் இல்லை. ராட்ஜர்ஸின் யோடல் பாட்டுகள் ப்ளூஸ் அமைப்பையே அடியாகக் கொண்டவை. 1930 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் அவர் பதிவுசெய்த ஒன்பதாம் 'ப்ளூ யோடல்' பாட்டுக்கு ட்ரம்பெட் ஊதியவர் லூயி ஆம்ஸ்ட்ராங். பியானோ இசைத்தவர் லில் ஹார்டின் ஆம்ஸ்ட்ராங். அலபாமாவிற் சிறுவனாய் இருந்த ஹாங்க் வில்லியம்ஸுக்குக் கிதார் கற்பித்தவர் ரூபஸ் பெயின் என்னும் தெருப்பாடகர், அவரும் கறுப்பினத்தவரே.

டிபோர்டு பெய்லியின் வரலாறு இவற்றினும் துயரமானது. நாஷ்வில் வானொலி நிலையம் 1925இல் தொடங்கிய கிராமிய இசை நிகழ்ச்சிக்கு, 1927 டிசம்பரில் ஓர் இரவு 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்னும் பெயர் வாய்த்தது. உயர்குல ஆப்ரா இசையை எள்ளி, நிகழ்ச்சித் தலைவர் ஜார்ஜ் ஹே இட்ட பெயர் அது. அப்பெயர் பிறந்த அவ்விரவில் மவுத் ஆர்கனில் இரயில் ஓடும் ஓசையை எழுப்பி இசைத்தவர் பெய்லி. போலியோவால் உடல் வளர்ச்சி குன்றிய கறுப்பின இளைஞர் அவர். ஆப்ரியின் புகழுக்குரிய தொடக்ககால நட்சத்திரங்களுள் ஒருவராய் விளங்கினார். சுற்றுலா நிகழ்ச்சிகளிற் கூட்டம் சேர்த்தார். ஆயினும் உடன் வந்த வெள்ளைக் கலைஞர் தங்கிய விடுதிகளில் அவர்க்கு இடமில்லை. 1941இல் பாட்டுரிமைச் சங்கங்களுக்கும் வானொலி நிலையங்களுக்கும் நேர்ந்த பூசலின் இடையே அவர் நீக்கப்பட்டார். எஞ்சிய காலத்தை நாஷ்விலிலேயே காலணி மெருகிடும் கடை நடத்திக் கழித்து 1982இல் மறைந்தார். கன்ட்ரி இசைப் பெருமன்றத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது 2005இல்.

பெயர் மாற்றமும் தேர்தல் மேடையும்

இரண்டாம் உலகப்போரை ஒட்டிப் படைவீரரும் தொழிலாளரும் நாடெங்கும் இடம்பெயர்ந்தமையால் இவ்விசையும் தென்மாநிலங்களைக் கடந்து பரவியது. சந்தை விரிந்தவுடன் இகழ்ச்சிப் பெயர் உதவாதாயிற்று. பில்போர்டு என்னும் வாணிக இதழ் 1949இல் தன் விற்பனைப் பட்டியல்களுக்குப் புதுப்பெயர் சூட்டி, ஒன்றனைக் 'கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன்' என்றும், 'இனத் தட்டுகள்' என்றிருந்ததை 'ரிதம் அண்டு ப்ளூஸ்' என்றும் வழங்கியது. சொற்கள் நாகரிகம் பெற்றன. கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

பாடகர் ஆட்சிக்கு வருதல் அந்நாட்டாருக்கும் புதிதன்று. மாவு வணிகம் செய்து, இசைக்குழுவுடன் வானொலியிற் புகழ்பெற்ற ஓடானியல் 1939இல் டெக்சாஸ் ஆளுநரானார். பாடகர் ஜிம்மி டேவிஸ் 1944இலும் 1960இலும் லூசியானா ஆளுநராய்ப் பொறுப்பேற்றார். இரண்டாம் முறை நிறவொதுக்கலைக் காப்பதாக வாக்களித்தே வென்றார். தொடக்ககாலத்தில் அவர் பதிவுசெய்த ப்ளூஸ் தட்டுகளிற் கிதார் இசைத்தவருள் கறுப்பினக் கலைஞரும் உண்டு என்பதை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

1960களில் நிகழ்ந்தவை எம் கருத்துக்கு நேரிய சான்றாம். 1962இல் ரே சார்லஸ் கன்ட்ரிப் பாட்டுகளையே தொகுத்து ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். அதன் தலைப்பிலேயே 'கன்ட்ரி அண்டு வெஸ்டர்ன்' என்னும் பெயர் இருந்தது. அதிலுள்ள ஒரு பாட்டு, நாட்டின் பொதுப்பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் நின்றது. கன்ட்ரிப் பட்டியலில் அதற்கு இடமே கிட்டவில்லை. பாட்டை எழுதியவர் டான் கிப்சன் என்னும் கன்ட்ரிப் பாவலர். அவர் பாடிய வடிவம் அப்பட்டியலில் முன்பே இடம்பெற்றிருந்தது. பாட்டு மாறவில்லை, பாடுவோர் மாறினார். வயலின்களும் கூட்டுக்குரலும் சேர்ந்தமையால் ஓசை மாறிற்று என்பர் சிலர். ஆயின் அக்காலத்து நாஷ்வில் தட்டுகளே வயலின்களும் கூட்டுக்குரலும் நிரம்பியவை ஆதலின் அவ்விடை நில்லாது.

சார்லி பிரைடு என்னும் கறுப்பினப் பாடகரின் முதல் தட்டுகளை 1966இல் வெளியிட்ட நிறுவனம், வானொலி நிலையங்களுக்கு வழக்கமாக அனுப்பும் நிழற்படத்தை அனுப்பாது விட்டது. குரலை மட்டும் கேட்டோர் அவரைக் கன்ட்ரிப் பாடகராகவே ஏற்றனர். 1971இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் தலையாய விருது அவர்க்குக் கிடைத்தது. லிண்டா மார்ட்டெல், 1969இல் ஆப்ரி மேடையில் தனித்துப் பாடிய முதற் கறுப்பினப் பெண்மணி. அவருடைய ஒரே இசைத்தொகுப்பை 1970இல் வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் 'பிளான்டேஷன்'. அடிமைகள் உழைத்த பண்ணைக்கு வழங்கும் சொல் அது. இப்பெயர்ப் பொருத்தம் குறித்து யாம் மேலும் சொல்ல வேண்டுவதில்லை.

ஒரு பாடகர், இரு பாட்டுகள்

அரசியற் பூசலுக்கு மெர்ல் ஹாகர்டு போல எடுத்துக்காட்டாவார் பிறர் இலர். ஓக்லஹோமாவிலிருந்து வறுமையால் கலிபோர்னியாவுக்குப் பெயர்ந்த குடும்பத்தில், சரக்கு இரயிற்பெட்டியை மாற்றியமைத்த வீட்டில், 1937இல் பிறந்தவர் அவர். அங்ஙனம் பெயர்ந்து வந்தோரை 'ஓக்கி' என்று கலிபோர்னியர் இகழ்ந்தனர். இளமையில் திருட்டுக் குற்றத்துக்காகச் சான் குவென்டின் சிறையில் இருந்தார். வியட்நாம் போரை எதிர்த்து மாணவர் கிளர்ந்த 1969ஆம் ஆண்டில், மஸ்கோகி என்னும் சிற்றூரின் ஓக்கி ஒருவன், தன்னூரில் போதைப்பொருளும் படைச்சேர்ப்பு அட்டை எரிப்பும் இல்லை என்று பெருமை பேசுவதாக அவர் பாட்டு அமைத்தார். இகழ்ச்சிப் பெயரைத் தலைநிமிர்ந்து ஏற்ற அப்பாட்டு நாடெங்கும் முழங்கியது. அரசினை ஆதரிப்போர் அதனைத் தம் கொடியாக்கிக்கொண்டனர். நகைச்சுவையாக எழுதினாரா, உண்மையாகவே எழுதினாரா என்பதற்கு அவரே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விடை கூறினார். தலைமகன் கூற்றைப் புலவன் கூற்றாகக் கொள்ளுதல் கூடாது என்று அகப்பாட்டு பயின்றவர்க்குக் கூற வேண்டா. அமெரிக்க அரசியலார்க்கு அவ்வேறுபாடு தேவைப்படவில்லை.

இதனையடுத்து ஹாகர்டு வெளியிட விரும்பிய பாட்டு, வெள்ளை இளைஞன் ஒருவன் கறுப்பினப் பெண்ணிடம் கொண்ட காதலைப் பற்றியது. நிறுவனத்தார் அதனை வேண்டாவென்றனர். அதற்கு மாற்றாக, நாட்டைப் பழிப்போரைச் சினந்து பேசும் பாட்டு ஒன்று 1970இல் வெளிவந்தது. காதற்பாட்டு 1972இல் ஒரு தொகுப்பினுள் ஒதுங்கி வந்தது, தனித்தட்டாகவில்லை. இரு பாட்டும் ஒரே பாடகருடையவை. ஒரே கருவிகளால் ஆனவை. ஒன்று கன்ட்ரி இசையின் அரசியல் முகமாயிற்று. மற்றொன்று அறியப்படாமலே நின்றது. கன்ட்ரி இசை இயல்பாகவே பழமை பேணும் அரசியலை உடையது என்பாருக்கு இதுவே எம் விடை. பாடுவோர் உள்ளத்தில் இருந்தது ஒருமுகம் அன்று; சந்தைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதே ஒருமுகம்.

ஜானி காஷ் இத்தேர்வை எதிர்த்து நின்றவர். செவ்விந்தியர் படும் இன்னலைப் பற்றி அவர் 1964இல் வெளியிட்ட பாட்டை வானொலி நிலையங்கள் பல புறக்கணித்தன. அவர் தம் கைப்பொருளைச் செலவிட்டுப் பில்போர்டு இதழில் ஒரு முழுப்பக்கம் வாங்கி, அந்நிலையத்தாருக்கு நெஞ்சுரம் எங்கே என்று கேட்டு விளம்பரம் வெளியிட்டார். 1970 ஏப்ரலில் குடியரசுத்தலைவர் நிக்சன் அவரை வெள்ளை மாளிகைக்கு அழைத்தபோது, ஹாகர்டின் ஓக்கிப் பாட்டையும், அரசின் உதவித்தொகை பெறும் ஏழையரை எள்ளும் வேறொரு பாட்டையும் பாடுமாறு அலுவலர் கேட்டனர். காஷ் அவற்றைப் பாடவில்லை. இளைஞர் எழுப்பும் வினாக்களுக்குச் செவிகொடுக்கக் கூறும் தம் புதிய பாட்டைப் பாடினார். நான்காண்டுக்குப்பின் 1974 மார்ச்சில், வாட்டர்கேட் வழக்கு நெருக்கிய வேளையில், நிக்சன் தாமே நாஷ்வில் சென்று ஆப்ரியின் புதிய அரங்கத் திறப்பில் பியானோ இசைத்தார்.

இனி, எம் கருத்துக்கு மாறான சான்றையும் கூறுதல் முறை. அவ்வாண்டே கன்ட்ரி இசைச் சங்கத்தின் சிறந்த பாடகி விருது, ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குச் சென்றது. சினமுற்ற நாஷ்வில் கலைஞர் சிலர், ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் இணையர் இல்லத்திற் கூடித் தனிச்சங்கம் அமைத்தனர். அடுத்த ஆண்டு மேடையில், தலையாய விருதுக்குரியவர் ஜான் டென்வர் என்று எழுதிய தாளைச் சார்லி ரிச் நெருப்பிட்டுக் கொளுத்திப் பெயரைப் படித்தார். அது கண்டனமா, மதுமயக்கமா என்பது இன்றும் வழக்கிலுள்ளது. இங்கே நிறமும் இல்லை, அரசியலும் இல்லை. மெல்லிசைக்காரர் தம் பிழைப்பைப் பறிப்பர் என்னும் தொழிலச்சமே உண்டு. எல்லைக்காவல் பலவகைக் காரணத்தான் நிகழும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. நியூட்டன்-ஜானும் டென்வரும் பட்டியலில் ஏறிய பின்னரே பழிக்கப்பட்டனர். ரே சார்லஸ் ஏறவேயில்லை.

இருபத்தொன்றாம் நூற்றாண்டு

2003 மார்ச் 10ஆம் நாள், ஈராக் போர் தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, டிக்சி சிக்ஸ் என்னும் மூவர் குழுவின் நாட்டலி மெய்ன்ஸ் இலண்டன் மேடையில், குடியரசுத்தலைவர் புஷ் தம் மாநிலமாகிய டெக்சாஸைச் சேர்ந்தவராயிருத்தல் தமக்கு நாணந்தருவதாகக் கூறினார். அப்போது அவர்தம் பாட்டு ஒன்று கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் எய்தியிருந்தது; வியட்நாம் போரில் இறந்த வீரன் ஒருவனுக்காக இரங்கும் பாட்டு அது. சில வாரங்களில் பட்டியலினின்று மறைந்தது. குமுலஸ் என்னும் நிறுவனம் தன் கன்ட்ரி நிலையங்கள் அனைத்திலும் அவர் பாட்டுகளை ஒரு திங்கள் விலக்கியது. ஊர்களில் குறுந்தகடுகள் நசுக்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் வானொலி உடைமை பற்றிய மேலவைக் குழு விசாரணையிலும் இது பேசப்பட்டது. அவர்க்காகக் குரல் கொடுத்தோருள் ஒருவர் யாவர் எனில், ஓக்கிப் பாட்டு எழுதிய ஹாகர்டே.

இசைவகை பற்றிய விளைவு இதனினும் நுண்ணியது. 2006இல் அக்குழு, தாம் பணியப் போவதில்லை என்னும் கருத்தமைந்த பாட்டுடன் மீண்டும் வந்தது. கன்ட்ரி நிலையங்கள் பெரும்பாலும் அதனை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டுக் கிராமி விழாவில் ஐந்து விருதுகள் அவர்க்குக் கிடைத்தன. அவற்றுள் சிறந்த கன்ட்ரி இசைத்தொகுப்புக்கான விருதும் ஒன்று. பிடிலும் பேஞ்சோவும் கைவிடாத குழு, கன்ட்ரி வானொலிக்கு அயலாயிற்று. அவரும் ராக் இசைப்பக்கம் சாய்ந்தனர். இங்கே இசைமாற்றம் பூசலுக்குக் காரணமன்று, பூசலின் விளைவு. 2020இல் தம் பெயரினின்று, அடிமைமுறை நிலவிய தெற்கைக் குறிக்கும் 'டிக்சி' என்னும் அடையையும் அவர் நீக்கினர்.

2012 முதல், பில்போர்டு இதழ் வானொலி ஒலிபரப்போடு இணையவழி விற்பனையையும் கேட்பையும் கணக்கிற் சேர்த்துக் கன்ட்ரிப் பட்டியலை அமைக்கலாயிற்று. கலப்புப் பாட்டுகள் பெருகின. ராப் பாணியிற் சொற்களை அடுக்கிய வெள்ளையர் பாட்டுகள் பட்டியலின் உச்சியில் நெடிது நின்றன. சாம் ஹண்டின் பாட்டு ஒன்று 2017இல் 34 வாரம் முதலிடத்தில் இருந்தது. 'இது கன்ட்ரி அன்று' என முணுமுணுத்தார் பலர் உளர். பட்டியலினின்று நீக்கினார் ஒருவரும் இலர். 2019 மார்ச்சில் லில் நாஸ் எக்ஸ் என்னும் கறுப்பின இளைஞரின் ராப் கலந்த குதிரைவீரன் பாட்டு அப்பட்டியலில் 19ஆம் இடத்தில் நுழைந்தபோது, இக்காலக் கன்ட்ரிக் கூறுகள் அதில் போதிய அளவில் இல்லையென்று பில்போர்டு அதனை நீக்கியது. அப்பாட்டின் அடித்தளமோ பேஞ்சோ மீட்டலாகும். பழைய ராக் தட்டு ஒன்றிலிருந்து எடுத்து, நெதர்லாந்து இளைஞர் ஒருவர் அமைத்த தாளக்கட்டின்மேல் ஒலித்தது. கன்ட்ரிப் பாடகர் பில்லி ரே சைரஸ் உடன்பாட, அது பொதுப்பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் நின்று முந்தைய எல்லையைக் கடந்தது. நீக்கியோர் நிறவெறியால் நீக்கினர் என்று யாம் கூறவில்லை. அளவுகோல் அன்றுதான் முதன்முறை கையில் எடுக்கப்பட்டதா என்றே கேட்கின்றோம்.

2023இல் நேர்ந்ததை இதனருகில் வைத்துக் காணல் வேண்டும். ஜேசன் ஆல்டீனின் சிற்றூர்ப் பாட்டு ஒன்று, நகரத்தாரின் கலகங்களைக் காட்டி, எம்மூரில் அதனைச் செய்து பார் என்னும் கருத்துப்பட அறைகூவியது. அதற்குரிய படக்காட்சி, டென்னசியின் கொலம்பியா நகர நீதிமன்றத்தின் முன் எடுக்கப்பட்டது. 1927இல் ஹென்றி சோட் என்னும் கறுப்பின இளைஞரைக் கும்பல் ஒன்று தூக்கிலிட்ட கட்டடம் அது. கன்ட்ரித் தொலைக்காட்சி ஒன்று படக்காட்சியை நிறுத்தியது. பாட்டில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லையென்று பாடகர் மறுத்தார். பூசல் வளர வளர விற்பனையும் வளர்ந்து, பாட்டு நாட்டின் பொதுப்பட்டியலில் முதலிடம் எய்தியது. பாட்டின் அறம் பற்றி எத்தனையோ பேர் எழுதினர். மின்கிதார்கள் முழங்கும் அது பெரிதும் ராக் இசையாயிற்றே, கன்ட்ரிப் பட்டியலில் அதற்கென்ன இடம் என்று கேட்ட குரல் எம் செவிக்கு எட்டவில்லை. அடுத்த சில வாரங்களில் ஆலிவர் ஆன்டனி என்னும் அறியப்படாத பாடகரின் பாட்டும் முதலிடம் பெற்றது. செல்வரையும் சாடி, உதவித்தொகை பெறுவோரையும் சாடியது அது. குடியரசுக் கட்சியினர் தம் வேட்பாளர் விவாதத்தை அப்பாட்டைக் காட்டித் தொடங்கினர். அம்மேடையில் நின்றோரைப் பற்றித்தான் தாம் பாடியதாக அவர் மறுமொழி கூறினார். ஹாகர்டுக்கு நேர்ந்தது ஐம்பதாண்டுக்குப்பின் மீண்டும் நேர்ந்தது. இம்முறை பாடகர் உடனே வாய்திறந்தார் என்பதே வேறுபாடு.

டெக்சாஸில் பிறந்த பியான்சே, 2016 நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்க விழாவில் டிக்சி சிக்ஸ் குழுவுடன் பாடியபோது எதிர்ப்பு மிகுந்தது. 2024 பெப்ருவரியில் அவர் வெளியிட்ட பாட்டுக்குப் பேஞ்சோ இசைத்தவர், அக்கருவியின் கறுப்பின வரலாற்றை மீட்டெடுத்துக் காட்டிவரும் ரையன்னான் கிடன்ஸ். கன்ட்ரிப் பட்டியலில் முதலிடம் பெற்ற முதற் கறுப்பினப் பெண்மணியானார் பியான்சே. மார்ச்சில் வந்த தொகுப்பில், எண்பது வயது கடந்த லிண்டா மார்ட்டெலின் குரல் ஒலித்தது; இசைவகை என்னும் சொல்லையே அவர் அதில் வினவுகின்றார். சங்கத்தின் அவ்வாண்டுப் பரிந்துரைகளில் அத்தொகுப்புக்கு ஓரிடமும் இல்லை. 2025 பெப்ருவரியில் சிறந்த கன்ட்ரித் தொகுப்புக்கான கிராமி விருது அதற்கே கிடைத்தது. அதே 2024இல், ஷபூசி என்னும் கறுப்பினப் பாடகர் பழைய ராப் பாட்டு ஒன்றனைத் தழுவி அமைத்த மதுக்கடைப் பாட்டைக் கன்ட்ரி வானொலியே ஏற்று முதலிடத்துக்கு உயர்த்தியது. பொதுப்பட்டியலிலும் அது 19 வாரம் நின்று 2019ஆம் ஆண்டுப் பாட்டின் எல்லையை எட்டியது. கோடு எங்கும் ஒரே அழுத்தத்துடன் வரையப்படவில்லை என்பதற்கு இது சான்று. எம் கருத்தைச் சற்றே தளர்த்திக்கொள்ள வேண்டியவிடமும் இதுவே.

2025 ஜூன் மாதம் கிராமி அமைப்பினர் கன்ட்ரித் தொகுப்புக்கான விருதை இரண்டாக்கி, மரபு வகை என்றும் தற்கால வகை என்றும் பெயரிட்டனர். பியான்சே வெற்றிபெற்ற நான்கே திங்களில் இஃது அறிவிக்கப்பட்டமையால், அவ்வெற்றியே காரணம் என்பார் உளர். இம்மாற்றம் நெடுநாளாகக் கேட்கப்பட்டு வந்ததே என்று அமைப்பினர் கூறுவர். மரபு வகையை இனங்காட்டும் கருவிகளாக அவ்வமைப்பினர் தம் விதியில் வரிசைப்படுத்தியவற்றுள் கிதார், பிடில் முதலியவற்றோடு பேஞ்சோவும் இடம்பெற்றுள்ளது.